திருவிழாப் பொருளும் திருத்தொண்டும்

சிவமயம்

பின்பனி கழிந்து இளவேனில் முகங்காட்டும் பங்குனித் திங்களிலே தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒரு புதிய கிளர்ச்சி தோன்றுகின்றது. தைத்திங்களில் அறுத்த சம்பா நெல் விலைபோய்க் கையிற் பொருளாய் நிற்கும். மேட்டூர் அணை சனவரித் திங்கள் 28ஆம் நாள் மூடப்படுதல் வழக்கமாதலின், காவிரிப் பாய்ச்சலூர்களில் வயல்கள் ஈரம் புலர்ந்து கிடக்கும். உழவர்க்கும் ஓய்வு வாய்க்கும். இக்காலத்தையே நம் முன்னோர் திருவிழாவிற்கு உரியதெனத் தெரிந்துகொண்டனர். திருவாரூரிலும், திருமயிலையிலும், பழனியிலும் பங்குனித் திங்களிற் பெருவிழா நிகழ்தல் யாவரும் அறிந்ததே. பேரூர்களை நோக்கிச் சிற்றூர்களும் தத்தம் ஆற்றலுக்கு இயன்றவாறு கொடியேற்றித் தேரோட்டி வழிபடுகின்றன.

கொடியேறுதற்குப் பன்னாள் முன்னரே நிகழும் ஏற்றம் ஒன்றுண்டு. அது திருவிழாக் குழுவினர் ரசீதுப் புத்தகம் ஏந்தி ஊரார் வீட்டுப் படி ஏறுதலாம். தலைக்கட்டு வரி இவ்வளவென்று கோயில் மண்டபத்திற் கூடி முடிவு செய்வர். வணிகர், நெசவாளர், பொற்கொல்லர், வண்டியோட்டுவோர் ஆகியோர்க்கு நாள்தோறும் ஒவ்வொரு மண்டகப்படி வகுப்பர். வெளியூர் சென்று பிழைப்போர்க்குக் கடிதம் போக்குவர். இக்காலத்தே கைபேசி வழியாகவும் பொருள் வந்து சேர்கின்றது. பந்தல், விளக்கு, மேளம், பூமாலை, தேர்வடம், நீர்மோர், அன்னம் என்னும் இத்துணையும் இங்ஙனம் தண்டப்பெற்ற பொருளினின்றே நடைபெறுகின்றன.

இதன்கண் எழும் வினா ஒன்றுண்டு. இவ்வாறு கொடுக்கப்படும் பொருள் கொடுத்தார்க்குச் சிவபுண்ணியமாமோ, அன்றோ? ஆமெனின் எவ்வாறு கொடுப்பின் ஆம்? அன்றெனின் எதனால் அன்று? சிவாலயத்திற்குச் சென்று சேர்ந்த காசெல்லாம் சிவபுண்ணியமே என்று கூறி அமைவார் பலர். அஃது அத்துணை எளிதிற் கூறிவிடத்தக்கதன்று என்பதே ஈண்டு யாம் காட்டப் புகுந்தது.

நம் சித்தாந்தம் புண்ணியத்தைப் பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என இருவகையாக வைத்து உணர்த்தும். யான் செய்தேன், எனது பொருளைக் கொடுத்தேன் என்னும் முனைப்போடு செய்யும் நல்வினை பசுபுண்ணியமாம். அது போகத்தைத் தரும். தந்து தீர்ந்தவழி மீண்டும் பிறப்பிற் செலுத்தும். தீவினை இரும்பு விலங்காயின் அது பொன் விலங்கு என ஆன்றோர் கூறுப. பொன்னே ஆயினும் விலங்கு விலங்கே. சிவபுண்ணியமோ உயிரைச் சிவத்தின்பாற் சாரச் செய்வது. சரியை கிரியை யோகம் என்னும் படிகளில் ஏற்றி ஞானத்திற் கொண்டுபோய் விடுவது. இவ்விரண்டற்கும் வேற்றுமை கொடுத்த பொருளின் அளவில் இல்லை. பெற்ற இடத்தின் பெயரிலும் இல்லை. கொடுத்தவன் நெஞ்சில் நின்ற நிலையிலேயே உள்ளது.

இன்னும் நுணுகி நோக்குவாம். உடலும், கருவியும், உலகமும், நுகர்பொருளும் மாயையினின்று இறைவனால் உயிர்கட்கு அளிக்கப்பட்டவை. பொன்னும் நெல்லும் நுகர்பொருளுள் அடங்கும். ஆகவே ஒருவன் கோயிலுக்குக் கொடுப்பது தன்னுடையதன்று. தன்பால் வைக்கப்பட்டிருந்த ஒன்றை உடையவனிடம் திருப்பிக் கொடுக்கின்றான். திருப்பிக் கொடுத்தவன் தன்னை வள்ளலென்று கூறிக்கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரத்தில், உயிர் இறைவனோடு ஒன்றி அவன் பணியின்கண் நிற்குமாயின் மலமும் மாயையும் வினையும் அதனைப் பற்றா என்று அறிவுறுத்தினார். திருவிழாவிற்குப் பொருளீதல் அங்ஙனம் இறைபணி நிற்றற்கு ஊரார் அனைவர்க்கும் வாய்க்கும் ஓர் எளிய பயிற்சியாகும். ஆண்டுக்கு ஒருமுறையேனும், எனதென்று இறுகப் பிடித்த கை சற்றே நெகிழ்கின்றது. அந்நெகிழ்ச்சியே அப்பணத்தினும் பெரிது.

அந்நெகிழ்ச்சியைக் கெடுப்பன யாவை? அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

முதலாவது, பெயர்மேல் வேட்கை. சிற்றூர்க் கோயில்களில் யாவரும் கண்ட காட்சி ஒன்றுண்டு. மின்விளக்குக் குழலொன்றை ஒருவர் வாங்கிக் கொடுக்கின்றார். அக்குழலின்மேலேயே ‘உபயம் இன்னார்’ என்று பெரிய எழுத்தில் எழுதுவிக்கின்றார். எழுத்துப் பெருகுந்தோறும் ஒளி குறுகுகின்றது. ஒளி தருதற்குக் கொடுத்த பொருளைக் கொடுத்தவர் பெயரே மறைத்து நிற்கின்றது. ஆணவத்தை இருளென்று நம் நூல்கள் கூறுதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

திருத்தொண்டர் புராணத்திலே பூசலார் நாயனார் வரலாறு நம்மனோர்க்கு இவ்விடத்துப் பெருந்துணையாவது. திருநின்றவூரில் வாழ்ந்த அவ்வடியார் இறைவற்குக் கோயிலெடுக்க விரும்பிப் பொருள் தேடினார். எங்கும் தேடியும் பெற்றிலர். இக்காலத்து ரசீதுப் புத்தகம் ஏந்தி வெறுங்கையோடு மீளுவார் துயரம் எத்தன்மையதோ, அதனினும் பெரிய துயரம் அவர்க்கு உண்டாயிற்று. ஆயினும் அவர் சோர்ந்திலர். மனத்தினாலேயே கருவிகளும் தச்சரும் தேடி, நல்ல நாளில் அடிநிலை வகுத்து, இரவுந் துயிலாது நினைந்து நினைந்து கோயிலை முடித்தார். அக்காலத்தே காடவர்கோன் காஞ்சியிற் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்து முடித்து, அதே நாளைக் குடமுழுக்கிற்கு வகுத்தான். இறைவன் அரசன் கனவில் தோன்றி, அன்று பூசலார் கோயிலிற் புகுகின்றோம், நீ வேறொரு நாள் கொள்க என்று அருளினார். அரசன் திருநின்றவூர் சென்று, கட்டடம் ஒன்றும் காணாது, பூசலாரைக் கண்டு, மெய்ம்மை உணர்ந்து, அவர் அடியில் வீழ்ந்து வணங்கினான்.

இவ்வரலாற்றினின்று பொருளால் எடுத்த கோயில் பயனற்றது என்று கொள்ளற்க. இறைவன் காஞ்சிக் கற்றளியை வெறுத்தானல்லன். நாளை மட்டுமே மாற்றினான். பெருங்கொடைக்கும் ஏற்பு உண்டு. ஆயின் அது முன்னிற்றல் இல்லை, அன்பே முன்னிற்கும். அரசனும் தன் கொடையினைப் பொருட்டாக எண்ணாது, ஓரூரில் வறியராயிருந்த ஓரடியார் காலில் வீழ்ந்தமையின், அவன் கொடையும் சிவபுண்ணியமாயிற்று. இன்றைய உபயகாரர் எத்துணைப் பேர், முதல் மரியாதை பிறர்க்குச் சென்றவிடத்து அவர் காலில் வீழ்வர்? வீழ்தல் இருக்கட்டும், எத்துணைப் பேர் சினவாதிருப்பர்? மாலையும் பரிவட்டமும் யார்க்கு முதலில் என்பதுபற்றித் திருவிழாவே நின்றுபோன ஊர்களும் உண்டு.

அற்றேல், பெயரெழுதுதல் குற்றமாயின் நம் முன்னோர் கோயிற் சுவர்களிலெல்லாம் கொடுத்தார் பெயரை ஏன் கல்லில் வெட்டுவித்தனர் எனின், நன்று வினாவினீர். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில் இராசராச சோழன் தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கையார் கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் வெட்டுவித்தான் என்பது உண்மையே. ஆயின் அக்கல்வெட்டுக்களை ஊன்றி நோக்குவார்க்கு அவை புகழ்ச்சியினும் கணக்காகவே பெரிதும் இருத்தல் புலனாம். ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடுகள், அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் அளக்கவேண்டுவது ஓருழக்கு நெய், நிலத்தின் எல்லை இன்னது, நகையின் எடை இத்துணை என்றிவ்வாறே அவை செல்லும். பின்வருவோர் அறத்தை அழியாது காத்தற்கு வேண்டிய சான்றுகளாக அவை வெட்டப்பட்டன. பல கல்வெட்டுக்களின் இறுதியில், இத்தருமத்தைக் காத்தவர் திருவடி தன் தலைமேலது என்று கொடுத்தவர் கூறும் வழக்கும் உண்டு. கொடுத்தவர் தம் பெயரை உயர்த்துதற்குக் கல்லை நாடினாரல்லர். இனிவரும் முகமறியாக் காவலன் காலைத் தம் தலைமேல் ஏற்றற்கு நாடினர். அத்தகைய பெயரெழுத்து ஆணவம் பெருக்குவதன்று, அதனைத் தேய்ப்பதாம். இக்காலத்துப் பலகையும் அவ்வாறு கணக்குரைக்குமாயின் யாம் அதனை மறுப்பேமல்லேம்.

இரண்டாவது, வற்புறுத்தல். மனமுவந்து ஈவதே ஈகை. ஊர்க்கட்டுக்கு அஞ்சியும், அண்டை வீட்டார் எண்ணம் கருதியும், கொடாதொழியின் தன் மகள் திருமணத்திற்கு ஊரார் வாரார் என்று நடுங்கியும் கொடுப்பது வரியாகுமேயன்றிக் காணிக்கையாகாது. யான் இளமையில் காவிரிக்கரைச் சிற்றூரொன்றில் இத்தகைய குழுவொன்றோடு பொருள் தண்டச் சென்றதுண்டு. பூக்கட்டி விற்கும் அம்மையொருவர் வீட்டு வாயிலில் நின்றோம். குறித்த தொகை அவர்பால் இல்லை. ‘நில்லுங்கள் ஐயா’ என்று கூறி அடுத்த தெரு சென்று கடன் வாங்கி வந்து கொடுத்தார். நாங்கள் ரசீது கிழித்துக் கொடுத்து மகிழ்ந்து மீண்டோம். அன்று எனக்கு ஒன்றுந் தோன்றவில்லை. நாள்தோறும் இறைவற்கு மாலை தொடுத்த கையினின்று, வட்டிக்கு வாங்கிய காசைப் பெற்று அதே இறைவற்கு விளக்கேற்றினோம் என்பது பின்னரே உள்ளத்தைச் சுட்டது. அவ்வம்மையார்க்கு அது சிவபுண்ணியமாயிற்று என்பதில் ஐயமில்லை. எங்கட்கு யாதாயிற்று என்பதே இன்றும் என்னை வினவும் வினா.

பொருளில்லார் கொடுத்தற்கு ஒன்றுமில்லையோ எனின், திருவீழிமிழலை நிகழ்ச்சி விடை கூறும். வற்கடம் வந்து அடியார் உணவின்றி வருந்தியபோது, இறைவன் திருஞானசம்பந்தப் பிள்ளையார்க்கும் திருநாவுக்கரசர்க்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு படிக்காசாக வைத்தருளினான். அரசர் பெற்ற காசு கடையில் வட்டமின்றி மாறிற்று. அதனால் அவர் திருமடத்தில் அடியார்க்கு அமுது விரைவிற் சமைந்தது. பிள்ளையார் காசோ வாசியுடையதாதலின் அங்கே அமுது தாழ்ந்தது. இதற்குக் காரணம் யாதென வினவியபோது, அரசர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தலே என்று அறியலாயிற்று. ஞானப்பாலுண்ட பிள்ளையார்க்கே இஃது உணர்த்தப்பட்டதெனின் நம்மனோர்க்குக் கூறுவதென்? வீதி கூட்டுவோர், தேரடியில் முட்டுக்கட்டை இடுவோர், அடுக்களையில் விறகு தள்ளுவோர், பந்தலில் நீர்மோர் வார்ப்போர் ஆகிய இவர்தம் தொண்டே வட்டமில்லாக் காசு. ரசீதுப் புத்தகத்தில் இவர் பெயர் ஏறாது. இறைவன் ஏட்டில் முதற்கண் ஏறும். ஆகவே கொடுக்க இயலாதாரிடம் தொகை கேளாது, தொண்டு செய்ய வருக என்று அழைத்தலே அறமாம். அவ்வாறு அழைத்திருப்பின் அப்பூக்கட்டும் அம்மையார் கடன்பட்டிரார். ஒரு மாலை தொடுத்து மகிழ்ந்திருப்பார்.

மூன்றாவது, பொருள் வந்த வழி. ஊர்த்திருவிழாவின் பெயரால் சூதாட்டம் நடத்தியும், சீட்டுக் குலுக்கியும், தீநெறியிற் பொருளீட்டினாரிடம் பெருந்தொகை பெற்றும், இவையெல்லாம் சிவனுக்கே என்று அமைதி கூறுவார் உளர். அவர் மூர்க்க நாயனாரைச் சான்று காட்டுவர். நன்று, அந்நாயனார் வரலாற்றை முழுதுங் காண்பாராக. அவர் முதலில் தம் நிலமும் அடிமையும் உடைமையும் அனைத்தும் விற்று அடியார்க்கு அமுதளித்தார். ஒன்றும் எஞ்சாத பின்னரே, தாம் முன் கற்றிருந்த சூதினை நாடினார். வென்ற பொருளைத் தம் கையாலும் தீண்டாது அடுக்களைக்கு ஆக்கி, அடியாரெல்லாம் உண்டபின் கடைப்பந்தியில் தாம் உண்டார். இவரைச் சான்று காட்டப் புகுவார் முதற்கண் தம் வீட்டையும் வயலையும் விற்றுவிட்டு வருக. பின்னர் அதுபற்றிப் பேசுவாம்.

பொருள் வேண்டியவழி நேர்வழியில் யாரிடம் வேண்டுவது என்பதைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் காட்டினார். திருவாரூரிற் பங்குனியுத்திரத் திருநாள் அணுகிற்று. அந்நாளிற் பரவையார் கொடைசெய்தற்குப் பொன் வேண்டிற்று. சுவாமிகள் அரசரை அடைந்திலர், வணிகரை வேண்டிலர், திருப்புகலூர் சென்று இறைவனைப் பாடினார். திருப்பணிக்கு வந்திருந்த செங்கற்களைத் தலைக்கு அணையாக வைத்துத் துயின்றார். விழித்தபோது அவை பொன்னாயிருந்தன. இளவேனில் விழாவிற்குப் பொருள் தேடிய வரலாறு திருத்தொண்டர் புராணத்திலேயே இருத்தல் நம் குழுவினர்க்கு ஊக்கந் தருவதாகும். ஆயின் இரண்டு கருதத்தக்கன. அப்பொன் சுவாமிகள் பெட்டியிற் கிடந்ததன்று. பரவையார் கைவழியே விழாவிற் பிறர்க்குச் சென்றது. மற்றொன்று, திருப்பணிக்கென வந்த கல்லின்மேல் தலைவைத்துத் துயின்றவர்க்கே கல் பொன்னாயிற்று. கோயிற் பணியைத் தலைமேற் கொண்டார்க்குப் பொருள் தானே வரும் என்பது இதனாற் பெறப்படும்.

நான்காவதே யாவற்றினும் கொடியது. அது கொடுக்க விரும்புவாரைக் கொடுக்கவொட்டாது தடுத்தலாம். வற்புறுத்தி வாங்குதல் ஒரு குற்றமாயின், வாங்க மறுத்தல் அதனினும் பெரிய குற்றம். ஊரின் ஒரு புறத்து வாழ்வாரிடம் வரி தண்டாது விடுதலை அவர்க்குச் செய்யும் சலுகையென்று எண்ணற்க. வரி கொடாதவர்க்குத் திருவிழாவிற் பங்கில்லை. பங்கில்லாதவர்க்குத் தேர்வடத்தில் கையில்லை. தேர் அவர் தெரு நோக்கித் திரும்புவதில்லை. இதுவே அம்மறுப்பின் உட்பொருள். மேலே யான் கூறிய அவ்வூரிலும் எங்கள் புத்தகம் வாய்க்காலைக் கடந்து அப்பால் செல்லவில்லை. ஏன் செல்லவில்லை என்று யானும் கேட்கவில்லை. கேளாதிருந்ததும் வினையே என்று இன்று உணர்கின்றேன்.

1939ஆம் ஆண்டில் மதுரைத் திருக்கோயிலின் வாயில் அதுவரை தடுக்கப்பட்டார்க்குத் திறக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில்களையெல்லாம் இந்துக்கள் யாவர்க்கும் உரியவாக்கிற்று. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டம் தீண்டாமையை அறவே ஒழித்தது. சட்டம் செய்யவேண்டியதைச் செய்தது. ஆயின் சைவர்க்கு இதுபற்றிய ஆணை சட்டத்தினின்று புதிதாக வந்ததன்று. நமிநந்தியடிகள் கனவிலே எப்பொழுதோ வந்துவிட்டது.

அவ்வரலாறு பங்குனியுத்திரத் திருவிழாவிலேயே நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. ஆரூர்ப்பெருமான் விழாவில் ஒருநாள் திருமணலிக்கு எழுந்தருளினார். எல்லாக் குலத்தாரும் ஒருங்கு திரண்டு உடன் சென்றனர். அடிகளும் சென்று தொழுது இரவில் தம்மூர்க்கு மீண்டார். கூட்டத்தில் யாவரும் கலந்து வந்தமையால் தீட்டு உண்டாயிற்றென்று எண்ணி, வீட்டினுள் புகாது, நீராடிப் பூசை செய்தற்கு நீர் கொணருமாறு மனைவியாரிடம் கூறிப் புறத்தே இருந்தார். அயர்ந்து துயில்கையில் இறைவன் கனவில் தோன்றி, ஆரூரிற் பிறந்தார் எல்லாரும் நம் கணங்கள். அத்தன்மையை நீ காண்பாய் என்று அருளினான். அடிகள் நடுங்கி எழுந்து, அவ்வண்ணமே உள்ளே சென்று பூசை முடித்தார். விடிந்தபின் ஆரூர் சென்று நோக்க, அங்கிருந்தார் யாவரும் சிவகணங்களாய் விளங்கக் கண்டு, நிலத்தில் வீழ்ந்து தம் பிழை பொறுக்க வேண்டினார். தண்ணீரால் விளக்கெரித்த பெருமையுடையார் அவ்வடிகள். அவர்க்கே இப்பிழை நேர்ந்தது. அவர்க்கே இது திருத்தவும்பட்டது. இதனை ஆண்டுதோறும் படித்தும் கேட்டும் மகிழும் நாம், நம்மூர்த் தெருவொன்றை ரசீதுப் புத்தகத்தினின்று நீக்கிவைத்துவிட்டுத் திருவிழா நடத்துவோமாயின், யாம் படித்தது யாதென்க?

ஐந்தாவது, கணக்கு. ஊர்ப்பொருள் கையிற் புகுந்தபின் அது சிவன் சொத்தாயிற்று. கோட்புலி நாயனார் இறைவன் திருவமுதிற்கென்று சேர்த்துவைத்த நெல்லை, வற்கடத்தில் உண்டுவிட்ட சுற்றத்தாரைக் கொன்றார் என்னும் வரலாறு நெஞ்சை நடுக்குவது. அச்செயல் நம்மனோர் பின்பற்றற்கு உரியதன்று. அத்துணைப் பெருநிலை நமக்கில்லை. அச்சங் கொள்ளுதற்கே அது நமக்கு உரியது. திருவிழா முடிந்து எத்துணை நாளாயினும் வரவு செலவு வாசிக்கப்படாமை, எஞ்சிய தொகை குழுத்தலைவர் வீட்டில் தங்குதல், அடுத்த ஆண்டு அதுபற்றி யாரும் வினவாமை என்னும் இவை சிற்றூர்களில் வழக்கமாய்விட்டன. வினவினவனைத் திருவிழாவிற்குப் பகைவன் என்கின்றனர். கணக்கு வினவுதல் ஐயுறவன்று. அதுவும் ஒரு தொண்டே. ஆடும் நெய்யும் கல்லிற் பொறித்த மரபில் வந்தார்க்கு ஒரு தாளிற் கணக்கெழுதி மண்டபத் தூணில் ஒட்டுதல் பெருஞ்செயலன்று.

இனி, இக்காலத்தார் எழுப்பும் தடையொன்றனுக்கு விடை கூறவேண்டும். ஊர்ப்பள்ளியின் கூரை ஒழுகுகின்றது. பிணியாளர் மருந்தின்றி வாடுகின்றனர். இந்நிலையில் வாணவேடிக்கைக்கும் அலங்காரத்திற்கும் பொருளிறைத்தல் தகுமோ என்பர். இவ்வினாவில் உண்மையுண்டு, அதனை வெகுண்டு தள்ளுதல் சைவர்க்கு அழகன்று. திருமூல நாயனார், கோயிலில் உறையும் இறைவற்கு இட்டது நடந்து திரியும் அடியார்க்குச் சென்று சேர்வதில்லை என்றும், அவ்வடியார்க்கு இட்டது இறைவற்குச் சேரும் என்றும் அருளிச்செய்திருத்தலைக் காண்க. ஆகவே பசித்தவனை வாயிலில் நிறுத்திவிட்டு வானத்திற் பூவாணம் விடுதல் சிவப்பணி ஆகாது.

ஆயினும் திருவிழாவே வேண்டா என்பது முடிவன்று. மெய்கண்டார் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலமகன்ற அன்பர் அடியாரோடு கூடியிருந்து, அவர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே தொழுவர் என்றார். ஞானிகட்கே கூட்டுறவு வேண்டுமாயின், நாள்முழுதும் தத்தம் தொழிலில் உழன்று தனித்திருக்கும் ஊரார்க்கு அது வேண்டாவோ? ஊர் முழுதும் ஒரு பொருளை நோக்கி ஒரு நாளேனும் கூடி நிற்றல் சிறிய பயனன்று. ஒரு திருவிழாவிலே குருடனுக்கும் நாகசுரம் கேட்கும். ஏழைக்கும் இறைவன் தன் வாயிலுக்கே எழுந்தருளுவான். கோயிலுக்கு நடந்து செல்ல மாட்டாத முதியோர் திண்ணையிலிருந்தே காண்பர். இஃது ஊர்க்கு இறைவன் செய்யும் கொடை. இக்கொடை நிகழ்தற்கு வேண்டிய அளவு பொருள் செலவிடுக. மிகுதியை அன்னத்திற்கும் கல்விக்கும் மருந்திற்கும் வைக்க. விதைத்த நெல்லையே வாரிவந்து அடியாருக்கு அமுதாக்கிய இளையான்குடிமாற நாயனார் வழியினர்க்கு இஃது அரிதன்று.

திருவாரூர் ஆழித்தேரை நினைக. அலங்கரித்து நிற்குங்கால் ஏறக்குறைய 96 அடி உயர்ந்து தோன்றும் அத்தேர், பல ஆண்டு நிலையிலேயே நின்றுவிட்டுப் பின்னர் 1970ஆம் ஆண்டில் மீண்டும் ஓடிற்று. எத்துணைச் செல்வரும் தனியராய் நின்று அதனை ஒரு விரற்கடை அசைத்தல் இயலாது. நிலக்கிழாரும் கூலியாளும், கற்றாரும் கல்லாரும் வடத்தைப் பற்றியபின்னரே அது நகரும். வடத்தில் யாருடைய பெயரும் எழுதப்படுவதில்லை. இழுத்தவருள் யார் வலிமையால் தேர் அசைந்தது என்று யாரும் கூறவும் முடியாது. நிலை சேர்ந்தபின் ஒவ்வொருவரும் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு வீடு திரும்புவர். அங்கே சிவந்திருக்கும் தழும்பே அவர் பெற்ற ரசீது. திருவிழாவிற்குப் பொருளீதலும் அவ்வடம் பற்றுதல் போல நிகழுமாயின், அதுவே யான் எனதென்னும் செருக்கு அற நிற்கும் இறைபணியாம்.

ஆகலின் திருவிழாக் குழுவில் அமரும் அன்பர்கட்கு யாம் பணிந்து கூறுவது இதுவே. தொகை விதியாது, இயன்றது ஏற்க. இயலாதாரைத் தொண்டிற்கு அழைக்க. ஊரின் எத்தெருவையும் விடாது சென்று, கொடுப்பார் யாவரிடமும் இரு கையானும் பெறுக. தேரும் அத்தெருக்கள் அனைத்திலும் செல்க. மரியாதை இறைவற்கே ஆகுக. கணக்கைக் கொடியிறங்கிய ஏழாம் நாளுள் மன்றத்தில் வாசிக்க. இவ்வைந்தும் கைக்கொள்வாராயின், தண்டிய பொருள் சிறிதாயினும் சிவபுண்ணியம் பெரிதாம். இவை இல்லாதவழித் தேர் எத்துணை உயர்ந்து ஓடினும், ஓடியது மரமேயன்றி அறமன்று.

அடுத்த பங்குனியிலும் நம் ஊர்களில் ரசீதுப் புத்தகம் படியேறும். அப்பொழுது வாய்க்காலுக்கு அப்பாலுள்ள முதல் வீட்டிலிருந்து தொடங்குமாறு எம்பெருமான் திருவருள் நம் கால்களைச் செலுத்துக.

திருச்சிற்றம்பலம்